சாட்சி எடுத்துக்கொண்ட நேரம்

"வாயில என்ன கொழுக்கட்டையா வச்சிருக்கே?"

ஒன்பதாம் வகுப்பில் முனீஸ்வரியைப் பார்த்து அறிவியல் டீச்சர் கேட்ட கேள்வி இது. இதற்கு முந்தைய கேள்வி, ஆவியாதல் என்றால் என்ன என்பது. அந்த முந்தைய கேள்விக்கு அவளிடம் பதில் இருந்தது. தீப்பெட்டி ஆபீசில் மருந்தில் முக்கியெடுத்த குச்சிகளைச் சட்டத்தோடு வரிசையாக நிறுத்திக் காயவைப்பார்கள். மழை நாளில் காயாது. காற்றடித்தால் சீக்கிரம் காயும். அந்த ஈரம் எங்கே போகிறதோ, அதுதான். இதைக் குச்சியிலிருந்து தொடங்குவதா, காற்றிலிருந்து தொடங்குவதா என்று மனசுக்குள் அடுக்கிக்கொண்டிருந்தபோதுதான் டீச்சர் கொழுக்கட்டையைப் பற்றிக் கேட்டார். வகுப்பு கொல்லென்று சிரித்தது. அன்றிலிருந்து அவள் பெயரே கொழுக்கட்டை. அரைப்பரீட்சை முடிந்ததும் பள்ளிக்கூடம் போவதை நிறுத்திக்கொண்டாள். ஏன் என்று வீட்டில் யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் அவள் பதிலை அடுக்கி முடிப்பதற்குள் அடுத்த வேலை வந்திருக்கும்.

பக்கத்து வீட்டு ஆவுடையம்மாளோடு சேர்ந்து தீப்பெட்டிக்கு லேபிள் ஒட்டப் போனாள். ஆவுடையம்மாளின் புருஷன் மாடசாமி மருந்து அறையில் தீப்பிடித்துச் செத்துப்போய் அப்போது ஆறு வருஷம். பிள்ளை குட்டி இல்லை. அவள் ஒருத்திதான் முனீஸ்வரியிடம் கேள்வி கேட்டுவிட்டுக் காத்திருப்பாள். காத்திருக்கிறாள் என்பதே தெரியாது. காலையில், "ஏத்தா, கருப்பட்டி எந்தக் கடையில நயமா இருக்கு?" என்பாள். பிறகு பசையைத் தொட்டு, லேபிளை ஒட்டி, பெட்டியைத் தள்ளி, அவள் பாட்டுக்கு இருப்பாள். நூறு பெட்டி தாண்டி, "பஸ் ஸ்டாண்டுக்கு எதுத்த கடையில" என்று முனீஸ்வரி சொல்லும்போது, இப்போதுதான் கேட்டது போல, "அங்கயா? அப்பச் சரி" என்பாள்.

முனீஸ்வரிக்கு இருபது வயது நடக்கும்போது அந்த வேலை வந்தது.

வடக்கே எங்கோ ஒரு பெரிய வங்கி ஒரே வாரத்தில் மூழ்கி, லட்சம் குடும்பங்கள் தெருவுக்கு வந்த பிறகு, வங்கிகளுக்கென்று ஓர் உடல்நல ஆணையம் அமைத்திருந்தார்கள். இனி எல்லா வங்கியின் வாசலிலும் ஒரு பலகை இருக்க வேண்டும். நூற்றுக்கு எத்தனை மார்க் என்று அது காட்ட வேண்டும். உடம்புக்குக் காய்ச்சல் பார்ப்பது போல, வங்கிக்கு. கருப்பநாயக்கனூரில் இருந்தது ஒரே ஒரு வங்கி, கரிசல் மக்கள் வங்கி. ஊருக்குள் தலைமை அலுவலகம், பக்கத்துக் கிராமங்களில் இரண்டு கிளைகள், அவ்வளவுதான். அங்கே ஒரு 'சாட்சி' வேண்டும் என்று மேனேஜர் சந்தானராஜ் ஊரெல்லாம் ஆள் தேடினார்.

"ஊர்லயே நம்ம பேங்க்ல கணக்கும் இல்லாம, கடனும் இல்லாம, வேலை பாக்கிற சொந்தக்காரனும் இல்லாம இருக்கிறது நீ ஒருத்திதாம்மா" என்றார் அவளிடம். "அப்படிப்பட்ட ஆளைத்தான் வைக்கணும்னு சட்டம். ஒட்டும் இருக்கக் கூடாது, உறவும் இருக்கக் கூடாது."

அவள் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"முன்னெல்லாம் கணக்குப் புஸ்தகத்தைப் பாத்துட்டு பேங்க் நல்லா இருக்குன்னு எழுதிட்டுப் போவாங்க. புஸ்தகத்தை நாங்க எப்படி வேணா எழுதுவோம்." அவரே சிரித்துக்கொண்டார். "அதனால பலகைக்கு மார்க் போட ஆணையம் வைக்கிற மெஷின் ஆளுகளைப் பாக்குது. யார் வாரா, யார் போறா, பணத்தை வாங்குறப்போ கை நடுங்குதா, வாசல்ல போறப்போ திரும்பிப் பாக்குறாங்களா, எல்லாத்தையும். ஆளுக நம்புறவரைக்கும்தான் பேங்கு உயிரோட இருக்கும், அது நிசந்தானே? ஆனா மெட்ராஸ்ல உக்காந்து படிச்ச மெஷினுக்கு நம்ம ஊர்ப் பழக்கம் என்ன தெரியும்? புரியலைன்னா கேக்கும். நீ சொல்லணும்."

வெகுநேரம் கழித்து அவள் கேட்டாள்: "பேசணுமா சார்?"

"பேசவே வேண்டாம். டைப் அடிச்சாப் போதும்."

அதனால்தான் அவள் ஒப்புக்கொண்டாள்.

வாசலுக்கு உள்ளே, நூல் கட்டிய பேனா தொங்கும் மேஜைக்கு அடுத்து அவளுக்கு ஒரு நாற்காலியும் திரையும் போட்டார்கள். கூரையில் நாலு கண்ணாடிக் கண்கள். கேஷியர் ரோஸ்லின் அந்த மெஷினுக்கு முதல் நாளே பெயர் வைத்துவிட்டாள்: மாமியார். "நாள் பூரா பாத்துக்கிட்டே இருக்கும். ஒரு வார்த்தை பேசாது. சாயங்காலம் மார்க் போடும். வேற என்ன பேரு வைக்க?"

மாமியாரின் கேள்விகள் எளிதாகத்தான் இருந்தன. 'இன்று முதியவர்கள் இருபத்தேழு பேர் வந்துள்ளனர். காரணம்?' பென்ஷன் நாள். 'மூன்றாம் வரிசையில் ஒருவர் அழுகிறார். காரணம்?' கண் ஆபரேஷன், சொட்டு மருந்து. 'பதினோரு பேர் ஒரே நேரத்தில் வெளியே ஓடினர். காரணம்?' பஞ்சாயத்துத் தண்ணீர் லாரி.

சின்னப் பதில்களை நேராக அடிப்பாள். கொஞ்சம் பெரிதாக இருந்தால், யாரோ தப்பாக எழுதிக் கசக்கிப் போட்ட சலானை எடுத்து நீவி, அதன் பின்பக்கத்தில் முதலில் எழுதிப் பார்ப்பாள். அடித்துத் திருத்துவாள். பிறகுதான் திரையில் அடிப்பாள். மாமியார் அவசரப்படுத்தாது. நக்கலடிக்காது. கடைசியில் 'நன்றி' என்று மட்டும் காட்டும். ஆவுடையக்காவுக்கு அடுத்தபடி, கேட்டுவிட்டுக் காத்திருக்கிற இரண்டாவது ஆள் என்று முனீஸ்வரி நினைத்துக்கொண்டாள். எட்டு மாதம் இப்படிப் போயிற்று. பலகையில் எழுபத்தெட்டு, எண்பது, எண்பத்தொன்று. பஸ்ஸுக்கு நிற்கிறவர்கள் மழை வருமா என்று வானத்தைப் பார்ப்பது போல ஊர் அந்தப் பலகையைப் பார்த்துப் பழகியது.

பங்குனியில் காளியம்மன் பொங்கல் திருவிழா வந்தது.

கருப்பநாயக்கனூரில் பெண்களின் நகை வருஷத்தில் முந்நூற்று அறுபது நாள் வங்கியில்தான் இருக்கும். அடகுதான். பொங்கலுக்கு மட்டும் அது கழுத்துக்கு வரும். மீட்க யாரிடம் பணம் இருக்கிறது? வங்கிக்கு எதிரே ஜெராக்ஸ் கடை வைத்திருக்கும் பால்பாண்டி அண்ணாச்சி தருவார். அதற்கு 'ஒருநாள் பணம்' என்று பெயர். நூற்றுக்கு நாளொன்றுக்கு ஒரு ரூபாய். அவரிடம் வாங்கிய பணத்தை வங்கியில் கட்டி, நகையை மீட்டு, தேருக்கு முன்னால் போட்டுக்கொண்டு நின்று, திருவிழா முடிந்து வங்கி திறந்த அன்றே மறுபடி அடகு வைத்து, அண்ணாச்சிக்குத் திருப்பிக் கொடுத்துவிடுவார்கள். வங்கிக்கும் இதில் ஆதாயம் உண்டு. மார்ச் கடைசி வாரத்தில் கடனெல்லாம் அடைபட்டதாகப் புத்தகம் மினுங்கும். வெளியாள் பணத்தில் நகையைத் திருப்புவது சட்டப்படி கூடாது. ஆனால் கூடாது என்று எந்த வருஷமும் யாரும் நினைத்ததில்லை.

அண்ணாச்சி தன் கணக்கிலிருந்து எடுத்துத்தான் கடன் கொடுப்பார். அதே பணம் மீண்டும் கவுண்டருக்கு வரும். மறுபடி போய் எடுப்பார். "இந்த நோட்டுக்கட்டு இன்னைக்கு மூணாவது தடவையா என் கைக்கு வருது. எனக்கே கூச்சமா இருக்கு" என்றாள் ரோஸ்லின்.

புதன்கிழமையே மேனேஜர் முனீஸ்வரியின் மேஜையருகே வந்து, கூரைக்கண்களுக்கு முதுகைக் காட்டி நின்றுகொண்டு, குரலைத் தாழ்த்தினார். "எது கேட்டாலும் சொல்லு. பால்பாண்டி சமாச்சாரம் மட்டும் அதுக்கிட்ட மூச்சு விட்டுறாதே. ஊரே அதுலதான் நகை போடுது. புரியுதா?"

அவள் தலையாட்டினாள்.

வியாழன் மதியம் திரையில் கேள்வி வந்தது. 'நேற்றும் இன்றுமாக 214 நகைப் பொட்டலங்கள் வெளியே சென்றுள்ளன. இந்தப் பெண்கள் திரும்பி வருவார்களா?'

முனீஸ்வரிக்குச் சிரிப்பு வந்தது. இதென்ன கேள்வி! அவள் ஒரு சலானை எடுத்து எழுதினாள்: 'வருவார்கள். திருவிழாவுக்குப் போட்டுக்கொள்ள எடுத்திருக்கிறார்கள். பால்பாண்டி அண்ணாச்சியிடம்' என்பதுவரை எழுதிவிட்டு நிறுத்தினாள். அடித்தாள். அண்ணாச்சி இல்லாமல் எப்படிச் சொல்வது? 'வருவார்கள். நகையை வைத்துக்கொண்டு சாப்பிட அவர்களுக்கு வழியில்லை' என்று எழுதினாள். உண்மைதான். ஆனால் வரிசையில் நின்றவர்களில் அவளுடைய சித்தி முறை ஆகிறவர்கள் நாலு பேர் இருந்தார்கள், படித்துப் பார்க்க வெட்கமாக இருந்தது. அதையும் அடித்தாள். அப்படியானால் மீட்கப் பணம் எங்கிருந்து வந்தது என்று அது திருப்பிக் கேட்டால்? மேனேஜர் கண்ணாடி அறைக்குள்ளிருந்து அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். வேறொரு சலானை எடுத்தாள். எழுதினாள். அடித்தாள். கடைசியில் திரையில் ஒரே ஒரு சொல்லை அடித்தாள்.

'வருவார்கள்.'

'நன்றி' என்றது மாமியார்.

நாலு மணிக்குப் பலகை மாறியது. எண்பத்தொன்றிலிருந்து அறுபத்து மூன்று.

மேனேஜர் ஓடிவந்தார். "என்னம்மா சொன்னே?"

"வருவாங்கன்னு சொன்னேன் சார்."

"பால்பாண்டி பேரு?"

"சொல்லலை."

"நல்ல பிள்ளை" என்றார். நெற்றியைத் துடைத்துக்கொண்டு வாசலுக்குப் போய்ப் பலகையை நிமிர்ந்து பார்த்தார். "பின்னே ஏன் இறங்குச்சு? பணம் உள்ளதானேய்யா வருது!"

வெள்ளிக்கிழமை, தேரோட்ட நாளில், தேரடியில் நிற்க வேண்டிய கூட்டத்தில் பாதி வங்கி வாசலில் நின்றது. ஆம்பளைகள். அறுபத்து மூன்று ஐம்பத்தொன்பதாகி, ஐம்பத்தேழாகியது. யார் பணத்தை எடுக்க வந்தாலும் அந்தக் கை நடுங்கியது. நடுங்கியதை மாமியார் பார்த்தது. மார்க் இறங்கியது. இறங்கியதைப் பார்த்து இன்னும் பத்துக் கை நடுங்கியது. பெண்கள் கழுத்து நிறைய நகையோடு தேருக்குப் பின்னால் போனார்கள்.

ஆவுடையம்மாள் வேலையிலிருந்து நேராக வந்திருந்தாள். விரலில் பசை காய்ந்து வெள்ளையாக இருந்தது. முனீஸ்வரியை வெளியே, சைக்கிள் நிறுத்தும் இடத்துக்குக் கூப்பிட்டாள்.

அவளுடைய பணம் பத்தொன்பது லட்சம் அங்கே நிரந்தர வைப்பில் இருந்தது. மாடசாமிக்கு வந்த நஷ்ட ஈடு, அதற்கு மேல் லேபிள் ஒட்டிச் சேர்த்தது. அவள் குடியிருந்த இரண்டு அறை வீட்டையே விலைக்குப் பேசி, ஒரு லட்சம் முன்பணம் கொடுத்திருந்தாள். வரும் வியாழன் பத்திரப் பதிவு. வைப்பு முதிர்வது செவ்வாய். அதற்கு முன்னால் உடைத்தால் முப்பத்தெட்டாயிரம் வட்டி போகும். பத்திரச் செலவுக்கு அந்த முப்பத்தெட்டாயிரத்தைத்தான் அவள் நம்பியிருந்தாள்.

"முனீசு, நீ உள்ளே உக்காந்திருக்கிறவ. எடுத்துறவா, இருக்கட்டுமா?"

சாட்சி வாடிக்கையாளரிடம் எதுவும் சொல்லக் கூடாது. இரண்டு வருஷம் ஜெயில் என்று கையெழுத்து வாங்கியிருந்தார்கள். ஆனால் முனீஸ்வரிக்கு அன்று அதெல்லாம் நினைவிலேயே இல்லை. பெண்கள் வருவார்கள் என்பது அவளுக்குத் தெரியும். ரோஸ்லினின் பெட்டி நிரம்பியிருப்பதும் தெரியும். மாமியாரிடம் அவள் பொய் சொல்லவில்லை. வங்கிக்கு ஒரு நோயும் இல்லை. இதில் அடுக்கிப் பார்க்க என்ன இருக்கிறது?

"இருக்கட்டும்க்கா" என்றாள், கேள்வி முடிந்த கையோடு.

ஆவுடையம்மாள் வாயில் கைவைத்தாள். "அடி ஆத்தி! என் காலத்துல நீ இவ்வளவு சுருக்கா ஒரு பதில் சொல்லி நான் கேட்டதில்லையே!" சிரித்தாள். "அப்பச் சரி. நீயே இப்படிச் சொன்ன பெறகு எனக்கென்ன பயம்?" முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு தேர் பார்க்கப் போனாள்.

சனிக்கிழமை பகல் பன்னிரண்டு நாற்பதுக்குப் பலகை நாற்பத்தொன்பது காட்டியது. ஐம்பதுக்குக் கீழே போனால் என்ன ஆகும் என்று ஆணையத்தின் காகிதத்தில் எழுதியிருந்தது. ஆனால் அது நடக்கும்போது எப்படி இருக்கும் என்று யாருக்கும் தெரியாது. ஷட்டர் தானாக இறங்கியது. ஆள் இல்லை, சாவி இல்லை. அது பாட்டுக்கு, நிதானமாக. உள்ளே இருந்தவர்கள் குனிந்து வெளியே ஓடினார்கள், வெளியே இருந்தவர்கள் குனிந்து உள்ளே வரப் பார்த்தார்கள். மேனேஜர் இரண்டு கையாலும் அதைத் தாங்கிப் பிடித்து, "இருங்கய்யா, இருங்கய்யா" என்று அந்தத் தகரத்திடம் கெஞ்சினார்.

"பெட்டியில இவ்வளவு பணம் இருக்கு" என்றாள் ரோஸ்லின், பின் கதவு வழியாக வெளியேறும்போது. "செத்துப்போயிட்டோமாம்."

திங்களோடு திருவிழா முடிந்து, செவ்வாய்க்கிழமை காலை பெண்கள் வந்தார்கள். ஒருத்தி பாக்கியில்லை. எட்டரை மணிக்கே, மஞ்சள் பையிலும் எவர்சில்வர் டப்பாவிலும் முந்தானை முடிச்சிலும் நகையை வைத்துக்கொண்டு, மூடிய ஷட்டருக்கு முன்னால் இருநூற்றுப் பதினாலு பேர் வெயிலில் நின்றார்கள். அடகு வாங்கிக்கொள்ள ஆள் இல்லை. எதிரே ஜெராக்ஸ் கடையில் பால்பாண்டி அண்ணாச்சி ஸ்டூலில் உட்கார்ந்து, நாளுக்கொரு ரூபாய் வீதம் கால்குலேட்டரைத் தட்டிக்கொண்டிருந்தார். அவர் முகமும் நன்றாக இல்லை. அவருடைய மீதிப் பணமும் உள்ளேதான் இருந்தது. அந்த வாரம் முழுக்க பெண்கள் காத்திருந்தார்கள். அதற்கப்புறம் ஒவ்வொருத்தியாகத் தெருவைக் கடந்தார்கள். வாங்கிய கடனுக்கு ஈடாக, பாதி விலைக்கு நகையை அவரிடமே கொடுத்துவிட்டு, வெறுங்கழுத்தோடு வீட்டுக்குப் போனார்கள்.

முனீஸ்வரி அந்தச் செவ்வாயன்று எதிர்த்திசையில், புளியமரத்துக்குப் பின்னால் நின்று எண்ணினாள். இருநூற்றுப் பதினாலு. அவள் சொன்னது சரி. யாரிடம் போய்ச் சொல்வது?

வங்கியை ஒரு பெரிய வங்கிக்கு விற்றுவிட்டார்கள். வர வேண்டிய கடன்களை அது எடுத்துக்கொண்டது. வைப்புப் பணத்தில் ஆளுக்கு மூன்று லட்சம் வரைதான் பொறுப்பு என்று சொல்லிவிட்டது. வியாழனும் போயிற்று. வீட்டுக்காரர் முன்பணத்தைத் திருப்பித் தரவில்லை, வேறொருவருக்கு வீட்டை எழுதிக் கொடுத்துவிட்டு, காலி பண்ண ஆவுடையம்மாளுக்கு ஒரு மாதம் தவணை சொன்னார்.

முனீஸ்வரி அவள் முகத்தில் விழிக்காமல் ஒளிந்து திரிந்தாள். நாலாம் நாள் ஆவுடையம்மாளே கிண்ணத்தில் புளிக்குழம்போடு வந்தாள். "உனக்கு என்னத்தா தெரியும்? அந்த மெஷின் சொல்லிருச்சு. மூடிட்டான். நீ உள்ளதைத்தானே எங்கிட்டச் சொன்னே?" கிண்ணத்தை அடுப்பு மேடையில் வைத்துவிட்டு, "சூடு ஆறுறதுக்குள்ள சாப்பிடு" என்றாள். முனீஸ்வரி சாப்பிட்டாள்.

வங்கி மூடி இருபத்து மூன்று நாள் கழித்து, பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் இருந்த கல்யாண மண்டபத்தில் டோக்கன் வைத்து மூன்று லட்சத்துக்கான காகிதம் கொடுத்தார்கள். மணமேடையில் மேஜைகள். கீழே பிளாஸ்டிக் நாற்காலிகளில் ஊர். சாட்சியும் வந்து இறுதி அறிக்கையில் கையெழுத்துப் போட வேண்டும் என்று தகவல் வந்திருந்தது. ஆணையத்திலிருந்து வந்த அதிகாரி சுபத்ரா என்ற நடுவயதுப் பெண். கனிவான முகம். முனீஸ்வரியைத் தன் பக்கத்திலேயே உட்காரவைத்து, தன் தண்ணீர் பாட்டிலை நீட்டினாள். அடுத்த டோக்கன் ஆவுடையம்மாளுடையது. கூப்பிடும்போது போக வசதியாக, மேடையின் ஓரத்து நாற்காலிக்கு அவளை வரவழைத்திருந்தார்கள். இரண்டு கை தூரம்.

"முதல்ல உங்களுக்குப் பாராட்டுச் சொல்லணும்" என்றாள் சுபத்ரா. "இந்த மண்டலத்திலேயே மிகத் துல்லியமான கணிப்பு இந்த வங்கிதான். நாற்பத்தாறு மணி நேரம் முன்னாடியே கண்டுபிடிச்சிருக்கு. அதுக்கு முக்கியக் காரணம் நீங்கதான்."

முனீஸ்வரி நிமிர்ந்து பார்த்தாள். நேரம் பிடித்தது. "நான் வருவாங்கன்னுதானே சொன்னேன்?"

"என்ன சொன்னீங்கங்கிறதை அது பெரிசா எடுத்துக்காதும்மா. வார்த்தையை மேனேஜர் சொல்லிக்கொடுத்துடலாம். எத்தனையோ ஊர்ல சொல்லிக்கொடுத்திருக்காங்க. சொல்லிக்கொடுக்க முடியாதது ஒண்ணுதான். நேரம்." அவள் ஒரு தாளைத் திருப்பிக் காட்டினாள். ஏறி இறங்கும் ஒரு கோடு. எட்டு மாதம் தரையோடு ஓடி, ஒரே இடத்தில் பனைமரம் போல எழும்பியிருந்தது. "நீங்க வழக்கமா அரை நிமிஷத்துல, மிஞ்சினா ஒரு நிமிஷத்துல பதில் சொல்லுவீங்க. நிதானமான ஆளுன்னு அதுவும் பழகிக்கிச்சு. அந்த வியாழக்கிழமை ஒரே ஒரு கேள்விக்கு நாலு நிமிஷம் பதினோரு நொடி. அம்பதாயிரம் சாட்சிகளைப் படிச்ச மெஷின் அது. இவ்வளவு தாமதிக்கிறவங்க எதையோ மறைக்கிறாங்கன்னு அதுக்குத் தெரியும். எந்த வங்கி விழறதுக்கு முன்னாடியும் முதல்ல வெளியே போறது நகைதான். நகை போகுது, சாட்சி மறைக்கிறாங்க. பதினெட்டு மார்க் அந்த இடத்திலேயே போச்சு."

"அவங்க வந்தாங்க" என்றாள் முனீஸ்வரி. "செவ்வாக்கிழமை. எல்லாரும்."

"வந்திருக்கலாம். அப்போ வங்கி இல்லையே." சுபத்ரா அதைக் குத்தலாகச் சொல்லவில்லை. "விழும்னு சொல்லிச்சு, விழுந்துச்சு. சரியாத்தானே சொல்லியிருக்கு?"

மறைத்தேன் என்பது உண்மைதான் என்று முனீஸ்வரிக்குத் தோன்றியது. மெஷின் அதில் தப்பே செய்யவில்லை. ஒரு ஜெராக்ஸ் கடைக்காரரின் பெயரை மறைத்தேன். எதை மறைக்கிறாய் என்று அது கேட்டிருக்கலாம். காத்திருக்கிறது என்றல்லவா நினைத்தேன், எண்ணிக்கொண்டிருந்திருக்கிறது.

"துல்லியமான சாட்சிகளுக்கு இருபத்தையாயிரம் ஊக்கத்தொகை உண்டு" என்று சுபத்ரா இன்னொரு தாளை எடுத்தாள். "விருப்பமிருந்தா அடுத்த ஊர்லயும் வேலை தர்றோம். உங்க வங்கிக் கணக்கு எண் என்ன?"

"கணக்கு இல்ல."

"ஓ, ஆமாம்." சுபத்ரா சிரித்துவிட்டு, யாரோ கூப்பிட, செல்போனை எடுத்துக்கொண்டு மேடையின் மறுகோடிக்குப் போனாள்.

முனீஸ்வரி மெல்லத் திரும்பினாள். ஆவுடையம்மாள் இதுவரை ஒருபக்கமாகச் சாய்த்து வைத்திருந்த தலையை நிமிர்த்தியிருந்தாள். கையில் டோக்கன். விரலில் பசை இல்லை. லேபிள் ஒட்டும் வேலைக்கு அவள் போய் இரண்டு வாரம் ஆகியிருந்தது. வீடு தேடி அலைந்துகொண்டிருந்தாள்.

"எல்லாருக்கும் யோசிச்சு யோசிச்சுத்தானே சொல்லுவே" என்றாள். சண்டைக் குரல் இல்லை. கருப்பட்டி எந்தக் கடையில் என்று கேட்கிற அதே குரல்தான். "அந்த மெஷினுக்கே நாலு நிமிஷம் யோசிச்சிருக்கே. எங்கிட்ட மட்டும் ஏன்த்தா யோசிக்காமச் சொன்னே?"

பதில் இருந்தது. உன்னிடம் மறைக்க எனக்கு எதுவும் இல்லை, அதனால்தான் அது தடங்கலில்லாமல் வந்தது. இல்லை, இப்படித் தொடங்கக் கூடாது. அந்த மெஷினிடம் நான் யோசித்தது வேறொன்றை. அதுவும் இல்லை. முதலில் பால்பாண்டி அண்ணாச்சியைச் சொல்ல வேண்டும், அதற்கு முன்னால் மேனேஜர் முதுகைக் காட்டி நின்றதைச் சொல்ல வேண்டும். அதற்கெல்லாம் முன்னால், என்னை மன்னித்துவிடு என்று சொல்ல வேண்டுமா? முனீஸ்வரியின் கை மேஜைமேல் கிடந்த ஒரு வெற்றுத் தாளைத் தானாகத் தேடியது. சொற்கள் வந்துகொண்டிருந்தன. ஒன்றன்பின் ஒன்றாக வந்து நின்றன. இன்னும் கொஞ்சம்தான்.

ஆவுடையம்மாள் காத்திருந்தாள். பசை தொட இல்லை, பெட்டி தள்ள இல்லை, சும்மா இருந்தாள். பிறகு தலையை உயர்த்தி, சாப்பாட்டுக் கூடத்து வாசலுக்கு மேலே மாட்டியிருந்த கடிகாரத்தைப் பார்த்தாள். இத்தனை வருஷத்தில் முனீஸ்வரியிடம் ஒன்றைக் கேட்டுவிட்டு அவள் கடிகாரத்தைப் பார்த்ததே இல்லை.

"அக்கா" என்றாள் முனீஸ்வரி. முதல் சொல் வந்துவிட்டது.

ஆவுடையம்மாள் எழுந்தாள். தன் எண்ணைக் கூப்பிடுவதைக்கூடக் கேட்காதவள் போல, டோக்கனை நாற்காலியின் மேல் வைத்தாள். செருப்பைத் தேடிக் காலில் மாட்டிக்கொண்டு, மண்டபத்தின் படியிறங்கிப் போனாள்.